படைத்தளத்தை நம்பிய ஊரில் வீடு: வாங்குவதா, வாடகையா?

பாதுகாப்புச் செலவைக் குறைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தாலே, தளத்தையோ ஆயுத ஆலையையோ நம்பியிருக்கும் ஊரில் இந்தக் கேள்வி வந்துவிடும்.

விலை: வீட்டு விலை இறங்குவதால் வாங்குபவர் நன்றாகப் பேரம் பேசலாம். வாடகையும் இறங்கும்.

வேலை: இதுதான் பெரிய விஷயம். தளத்தில் ஒருவர் வேலை இழந்தால், அவர் மதியம் சாப்பிட்ட உணவகம், முடிவெட்டிய கடை என்று அடி பரவும். ஆசிரியர் வேலைகூட ஆடும். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய்விடுவார்களே. அப்போது சொந்த வீட்டுக்காரருக்கு வருமானமும் வீட்டு மதிப்பும் சேர்ந்தே சரியும், கடன் தவணை மட்டும் அப்படியே நிற்கும். 1990களின் தொடக்கத்தில் தெற்கு கலிஃபோர்னியாவில், விமான ஆலைகள் ஆட்குறைப்பு செய்தபோது பலர் இதில் மாட்டிக்கொண்டார்கள். வாடகைக்காரர் பெட்டியைக் கட்டிக் கிளம்பலாம்.

மீட்சி: வாங்கியவர் காத்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1994இல் மூடிய ஃபோர்ட் ஆர்டு என்ற படைத்தளத்தில் பல்கலைக்கழகம் வந்தது. ஆனாலும் பழைய படைவீரர் குடியிருப்புகள் பல, கண்ணாடி உடைந்து வருடக்கணக்கில் பாழாய்க் கிடந்தன.

சம்பளம் அந்தத் தளத்தைச் சார்ந்ததா? வாடகைதான் சரி. ஓய்வூதியமோ வெளியூர் வருமானமோ இருந்து, பத்து வருடம் அங்கேயே இருப்பீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்.