வெளிச்சந்தை வாட்டர் பம்ப்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பழைய டீசல் காரில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைச் சுழலவிடும் வாட்டர் பம்ப்பின் பேரிங் இரையத் தொடங்கியபோது, கம்பெனி பம்ப்பின் பாதி விலைக்குக் கிடைத்த, கார் கம்பெனியின் பெயரில் வராத வெளிச்சந்தைப் பம்ப் ஒன்றைப் பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். முதல் ஆண்டில் குறை சொல்ல எதுவுமில்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏசி போட்டபடி ஏறியபோதுகூட வெப்பமானி முள் நடுவைத் தாண்டவில்லை.

இரண்டாவது கோடையில் ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மெல்ல இறங்கியது. கார் நின்ற இடத்தில் ஈரமே தெரியாததால் கசிவு என்று சந்தேகிக்கத் தோன்றவில்லை. சிறு துளிகள் எஞ்சின் சூட்டிலேயே உலர்ந்துவிடுகின்றன. பம்ப்பின் அடியில் விளக்கடித்துப் பார்த்தபோதுதான் கசிவுத் துளையைச் சுற்றிப் பச்சையாக உப்புப் பூத்திருந்தது தெரிந்தது. அந்தத் துளையை அடைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. கூலன்ட்டைத் தடுத்து நிறுத்தும் சீல் தேய்ந்தால் அது பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கெடுக்காமல் வெளியேறட்டும் என்றே அதை வைத்திருக்கிறார்கள் என்பதால், அடைப்பது பேரிங்கையும் சேர்த்து இழக்கும் வழி.

எஞ்சின் ஆறியபின் மெக்கானிக் ரேடியேட்டர் வாயில் அழுத்தமானியைப் பொருத்தி 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை ஏற்றினார். முள் நிற்காமல் இறங்கியது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம் இந்த அழுத்தம்தான். தண்ணீரோடு சரிபாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும்; மூடி 15 பிஎஸ்ஐ தாங்கினால் அது 125 டிகிரிக்கு மேல் போகும். கசிவு அந்தப் பாதுகாப்பைப் பறிக்கிறது. ஊற்றும் தண்ணீர், கூலன்ட்டில் கொதிநிலையை உயர்த்தும் கிளைகாலையும் நீர்க்கச் செய்கிறது. அதன்பின் ஒரு நீண்ட ஏற்றம் போதும், எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதனடியில் உள்ள பேக்கிங் போய்விடும்.

கழற்றிய பம்ப்பில் சீலின் உராயும் முகம் கீறிக் கிடந்தது. காய்ச்சி வடித்த நீரில்தான் கூலன்ட்டைக் கலந்திருந்தேன் என்பதால் போர்வெல் உப்பின் மேல் பழிபோட வழியில்லை. சீலின் தரமே குறைவு என்று கருதுகிறேன். வாரண்டிக் காலமும் முடிந்திருந்தது. மறுபடி கழற்றி மாட்டும் கூலி, புதிய கூலன்ட், பெல்ட் எல்லாம் சேர்ந்து, முதலில் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாயின. (வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விடாதீர்கள், இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கிவிடும், கொஞ்சமே உயிரைக் குடிக்கும்.)

ஏர் ஃபில்டர், வைப்பர் போன்றவற்றுக்கு இன்றும் வெளிச்சந்தைப் பொருளையே வாங்குகிறேன். கூலன்ட்டை வடித்தால்தான் கை வைக்க முடியும் என்ற பாகங்களுக்கு மட்டும், கார் கம்பெனிக்கே சப்ளை செய்யும் தயாரிப்பாளர் தன் பெயரில் விற்கும் பொருளைத் தேடுகிறேன். விலையும் பெரும்பாலும் கம்பெனிப் பெட்டியைவிடக் குறைவு. இப்போதுள்ள பம்ப்பும் அந்த வகைதான். பேக்கிங்கோடு சீலன்ட்டை அப்ப வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் முன்பே சொல்லியிருந்தேன், ஏனெனில் பிதுங்கும் மிச்சம் உதிர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும்.