மரத்துப்போன விரல்களோடு ஏர் பிஸ்டல்: சில வருட அனுபவம்

எனக்கு வலது கையில் கார்ப்பல் டனல். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் பல வருடம் நின்றதன் மிச்சம். மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டுத் தசை வற்றிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரி வலி போனது. பலமும் விரல் நுனி உணர்வும் முழுசாகத் திரும்பவில்லை. இந்தக் கையால்தான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன்.

முதலில் வைத்திருந்தது பக்கவாட்டு லீவர் மாடல். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் (சின்ன ஈயக் குண்டு) காற்றை அடைக்க லீவரை விரித்து, அழுத்தி மூட வேண்டும். போட்டி என்றால் 60 ஷாட். பாதியைத் தாண்டுவதற்குள் கை நடுங்கத் தொடங்கிவிடும். அதை விற்றுவிட்டு காற்று சிலிண்டர் மாடலுக்கு வந்தேன். 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் ஒரு போட்டிக்குத் தாராளம். கைப்பம்பு மட்டும் வாங்காதீர்கள், லீவரில் மிச்சமான பலம் அதில் போய்விடும். பெரிய டேங்கிலிருந்து நிரப்பிக்கொள்வதுதான் சரி.

விதிப்படி ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அரை கிலோவை என் விரலும் இழுத்துவிடும். சிக்கல் அதில் இல்லை. ட்ரிகர் இரண்டு கட்டமாக நகரும்: முதலில் லேசாக வந்து ஓரிடத்தில் முட்டும், அதைத் தாண்டி அழுத்தினால்தான் ஷாட். பலர் இரண்டாம் கட்டத்தை ரொம்ப மெலிசாக வைப்பார்கள். மரத்த விரலுக்கு அது ஆகாது, முட்டும் இடமே தெரியாமல் ஷாட் போய்விடும். நான் முதல் கட்டத்தைக் குறைத்து, இரண்டாவது ‘டக்’கென்று முட்டும்படி வைத்துக்கொண்டேன். ட்ரிகர் தகட்டையும் என் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். இப்போது விரல் நுனிக்குப் பதில் முதல் மடிப்புக்குப் பக்கத்தில் படுகிறது. அங்கே உணர்வு கொஞ்சம் பரவாயில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் உழைத்தது கிரிப்பில்தான், அதாவது மரக் கைப்பிடியில். கை பலவீனம் என்றால் பிடி தளரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாததால் தேவைக்கு மேல் இறுக்குவோம். நம் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த பால் பிராண்ட் இதைத்தான் கவனித்தார்: உணர்வில்லாத கை, தனக்கே காயம் வரும் அளவுக்கு அழுத்தும். இறுக்கினால் பிஸ்டலின் முனை ஆடும், பத்து புள்ளிக்கான வட்டம் எங்கேயோ போய்விடும்.

அதனால் கிரிப்பே கையில் தானாக உட்கார வேண்டும். காட்பாடியில் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். கோடு போடும் நூலுக்குத் தடவும் நீலப் பொடியை என் உள்ளங்கையில் பூசி, பிடிக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் மேடு வற்றிய இடத்தில் மரத்தில் நீலமே இல்லை. “கை எங்க படலையோ அங்க பட்டி வைச்சாப் போதும்ண்ணே” என்றார். பள்ளத்தை நிரப்பும் அந்தப் பட்டிப் பசையை வைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி நீலம் பூசி, மறுபடி தேய்த்து... பொறுமையான மனுஷன். கையின் அடியைத் தாங்கும் பலகையையும் ஏற்றி வைத்தோம். இப்போது நடுவிரலும் மோதிரவிரலும்தான் பிடிக்கின்றன, கட்டைவிரல் சும்மா சாய்ந்திருக்கிறது. ஒன்று கவனம்: கிரிப் மணிக்கட்டைத் தாங்கும்படி நீளக் கூடாது, போட்டியில் அனுமதி கிடையாது.

பெல்லட் எடுப்பது தனித் தொல்லை. 4.5 மில்லிமீட்டர் ஈயத் துண்டு மரத்த விரலில் நிற்காது. ஸ்வேட் தோல் துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் கொட்டிவிடுகிறேன், உருளாது. அப்புறம் இடது கையால் எடுத்துப் போடுவேன். ஈயம் என்பதால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடுவதில்லை.

இடது கைக்கே மாறலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஹங்கேரியின் கரோலி டகாக்ஸ் 1938இல் வலது கை கையெறி குண்டில் சிதைந்தபின் இடது கையால் பழகி, 1948, 1952 ஒலிம்பிக்குகளில் தங்கம் வாங்கினார். எனக்குக் குறி பார்க்க வலது கண்தான் முந்துகிறது, அதனால் அந்த ஆசையை விட்டுவிட்டேன். உங்களுக்கு இடது கண் முந்தினால் தாராளமாக முயலலாம். கிரிப் மட்டும் இடது கைக்கென்று தனியாக வாங்க வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் மத்தியானம் சுடுவது வீண், வியர்வையில் பிடி வழுக்கி மறுபடி இறுக்க ஆரம்பித்துவிடுவோம். காலையிலேயே முடித்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் சிலிண்டரில் அடித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். பொதுவாக 10 வருடம்தான் ஆயுள், அது தாண்டியிருந்தால் புது சிலிண்டர் விலையைக் கழித்துப் பேசுங்கள்.