நிசான் 300இசட்எக்ஸ் த்ராட்டில் சென்சார்: இரண்டு மாற்றுப் பாகங்கள், ஒரே எண், வெவ்வேறு தரம்

1989-இல் வெளிவந்து ஜப்பானில் 2000 வரை விற்பனையில் இருந்த நிசான் 300இசட்எக்ஸ் காரின் இசட்32 தலைமுறையை இன்றும் ஓட்டுபவர்கள், ஏதோ ஒரு கட்டத்தில் த்ராட்டில் பொசிஷன் சென்சாரை, அதாவது என்ஜினுக்குக் காற்று செல்லும் வால்வு (த்ராட்டில்) எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்கும் பாகத்தை, மாற்றியே தீர வேண்டியிருக்கிறது. என் காரில் மாற்றுவதற்காக, ஒரே பாக எண்ணைக் குறிப்பிட்டு விற்கப்படும் இரண்டு புதிய சென்சார்களை வாங்கி, காரில் பூட்டும் முன்பே மேசையில் வைத்துச் சோதித்தேன். ஒன்று தயாரிப்பாளர் பெயர் அச்சிடப்படாத மலிவுப் பாகம். மற்றொன்று கார் நிறுவனத்தின் பெட்டியிலேயே வரும் அசல் உதிரிபாகம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதாலேயே இதை விரிவாக எழுத நினைத்தேன்.

முதலில் கோளாறின் தன்மையைச் சொல்ல வேண்டும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போது கார் ஒரு கணம் திணறி, அடுத்த கணம் பாய்ந்தது. காரை நிறுத்தியிருக்கும்போது ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் ஒரு குறையும் தெரியவில்லை. இந்த அறிகுறிகளை வைத்துப் பலரும் எரிபொருள் பம்ப்பையும் ஸ்பார்க் பிளக்கையும் காற்றளவு சென்சாரையும் மாற்றிவிடுகிறார்கள். முழு வேகத்தில் நன்றாக ஓடி, பாதி மிதியில் மட்டும் திணறும் காரில் முதலில் பார்க்க வேண்டியது த்ராட்டில் சென்சாரைத்தான்.

காரணம் அந்தச் சென்சாரின் அமைப்பிலேயே இருக்கிறது. உள்ளே பிறை வடிவில் ஒரு கார்பன் தடமும், அதன்மேல் உரசிச் செல்லும் மெல்லிய உலோகக் கையும் உள்ளன. தடத்தின் ஒரு முனைக்கு 5 வோல்ட் மின்சாரம் வருகிறது, மறு முனை எர்த்துடன் இணைகிறது, உலோகக் கை நிற்கும் இடத்துக்கேற்ப இடைப்பட்ட ஒரு வோல்டேஜ் மூன்றாவது ஒயர் வழியாக, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குப் போகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது ஏறத்தாழ அரை வோல்ட்டும், முழுதாகத் திறக்கும்போது 4 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். சாலையில் கார் பெரும்பகுதி நேரம் த்ராட்டிலைக் கொஞ்சமாகத் திறந்தபடியே ஓடுகிறது. ஆகவே தடத்தின் முதல் கால் பகுதிதான் உலோகக் கையின் உரசலை ஓயாமல் வாங்கித் தேய்கிறது. கழற்றிய பழைய சென்சாரைப் பிரித்துப் பார்த்தபோது, தடத்தின் பெரும்பகுதி மங்கிய கறுப்பாகவே இருக்க, ஐட்லிங் முனையை ஒட்டிய ஒரு விரற்கடை நீளம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, நடுவே நகத்தால் கீறியது போன்ற கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டின்மேல் உலோகக் கை வரும் ஒவ்வொரு முறையும் சிக்னல் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அறுந்துவிடுகிறது. ஓட்டுநர் சட்டென்று காலை எடுத்துவிட்டதாகவும் உடனே மீண்டும் மிதித்ததாகவும் இசியு கணக்கிட்டு, எரிபொருளைக் குறைத்துக் கூட்டுகிறது.

இந்தக் காரின் இசியுவில் உள்ள சிறு சிவப்பு விளக்கு, கோளாறு எண்ணை மினுக்கிக் காட்டும். நீண்ட மினுக்கல் பத்துகளையும் குறுகிய மினுக்கல் ஒன்றுகளையும் குறிக்கும். நான்கு நீளமும் மூன்று குறுகலும் வந்தால் 43, அதாவது த்ராட்டில் சென்சார் கோளாறு. 55 வந்தால் கோளாறு ஏதும் பதிவாகவில்லை என்று பொருள். என் கார் கடைசிவரை 55-ஐத்தான் காட்டியது. சிக்னல் நிரந்தரமாக அறுந்துபோனாலோ, வரம்பை மீறினாலோதான் 43 பதிவாகும். கண நேர அறுபடுதலை இசியு கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. எனவே எண் வரவில்லை என்பதைக் கொண்டு சென்சார் நன்றாக இருப்பதாக எந்த மெக்கானிக் சொன்னாலும், மீட்டரில் அளந்து காட்டும்படி கேட்பதே சரி.

புதிய பாகம் வாங்குமுன் ஒயரிங்கையும் சோதித்துவிட வேண்டும். சாவியைத் திருப்பி, என்ஜினை ஓட்டாமல், கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா என்றும், எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு உள்ளதா என்றும் பார்ப்பது சிறிது நேர வேலைதான். முப்பது ஆண்டு என்ஜின் சூட்டில் வெந்த கனெக்டர்கள் கை பட்டாலே நொறுங்கும் நிலையில் இருக்கும். அவற்றின் பின்களில் படிந்த பச்சைக் களிம்பே கோளாறுக்குக் காரணமாக இருந்து, நல்ல சென்சார் வீணாகக் கழற்றப்படுவதும் நடக்கிறது.

இனி இரண்டு பாகங்களுக்கும் வருகிறேன். மலிவுப் பாகத்தின் வார்ப்பு சுத்தமாக இருந்தது, கனெக்டர்கள் சரியாகப் பொருந்தின, மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் மின்தடை எதிர்பார்த்தபடியே இருந்தது. பெரும்பாலானோர் இந்த இரண்டு அளவுகளைப் பார்த்துத் திருப்தியடைந்து காரில் பூட்டிவிடுவார்கள். ஆனால் த்ராட்டில் தண்டு பொருந்தும் பள்ளத்தை விரலால் மிக மெதுவாகத் திருப்பியபோது, முள் வைத்த பழைய மல்டிமீட்டரில் முள் நிதானமாக ஏறாமல், முதல் கால் பகுதியிலேயே இரண்டு இடங்களில் கீழே விழுந்து எழுந்தது. டிஜிட்டல் மீட்டரில் இது தென்படவே இல்லை. அது நொடிக்குச் சில முறை மட்டுமே எண்ணைப் புதுப்பிப்பதால், இடையில் நிகழும் துள்ளல் அதன் திரைக்கு வருவதில்லை. வோல்டேஜ் மாற்றத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இல்லாதவர்களுக்கு முள் மீட்டரே போதும். ஹேர் டிரையரால் அந்தச் சென்சாரைச் சூடாக்கித் திருப்பியபோது துள்ளல் கூடியது. என்ஜின் சூட்டில்தான் அது வாழ்நாள் முழுவதும் வேலை செய்ய வேண்டும் என்பதால் இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை. பள்ளத்தில் பக்கவாட்டு ஆட்டமும் இருந்தது. தண்டு அசைந்தும் சென்சார் அசையாத அந்தச் சிறு இடைவெளி, லேசான மிதியில்தான் உணரப்படும்.

அசல் பாகத்தில் முள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வழுக்கிக்கொண்டு போனது. சூடாக்கிய பிறகும் மாற்றமில்லை. திருப்பி விட்டதும் ஸ்பிரிங் உறுதியாக இழுத்து ஐட்லிங் நிலையில் நிறுத்தியது. ஆட்டம் கைக்குத் தட்டுப்படவில்லை. அதே உறைக்குள் அமைந்த ஐட்லிங் சுவிட்சும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இணைந்து ஒரே இடத்தில் விலகியது. தடத்தின் தரம் ஒன்றுக்காகவே இந்தப் பாகத்தைப் பரிந்துரைப்பேன். ஆனாலும் இது குறையற்றதல்ல. புதிய ஸ்க்ரூக்கள் வரவில்லை, பொருத்தும் முறையைச் சொல்லும் தாள்கூட இல்லை, கனெக்டரைப் பிடிக்கும் கம்பிக் கிளிப்பையும் பழைய இணைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வளவு தரமான பாகத்தைச் செய்யும் நிறுவனம், எந்த வோல்டேஜில் நிறுத்த வேண்டும் என்ற ஒரு வரியைப் பெட்டியில் அச்சிட்டிருக்கலாம்.

அந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்றால், இந்தச் சென்சாரைப் பூட்டிவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது. ஸ்க்ரூத் துளைகள் நீள்வடிவில் இருப்பதால் அதை இருபுறமும் சற்றே திருப்பலாம். அந்த நிலைதான் ஐட்லிங் வோல்டேஜைத் தீர்மானிக்கிறது. பழைய சென்சாரைக் கழற்றும் முன் அதன் விளிம்பில் கூரிய ஊசியால் ஒரு கோடு கீறிக்கொண்டால், புதியதை ஏறக்குறைய சரியான இடத்தில் வைக்க முடியும். ஜப்பானியக் கார்களில் உள்ள ஸ்க்ரூக்களின் தலை, ஜப்பானியத் தர அளவிலான சிலுவைப் பள்ளம் கொண்டது. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக இறங்காமல் மேலேறி, பள்ளத்தை வழித்துவிடும். துருநீக்கும் எண்ணெயை முந்தைய இரவே தெளித்து வைத்து, சரியான ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும். கீழ் ஸ்க்ரூவுக்குக் கை எட்டுவது கடினம் என்பதால் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

வோல்டேஜைச் சரியான அளவில் அமைப்பது என்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் நடக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் த்ராட்டிலைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு பல பழைய கார்களில் இருப்பதால், அந்த நிலையில் எடுத்த அளவு பொய்யாகிவிடும். சூடானபின் என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, சிக்னல் ஒயரில் அரை வோல்ட் வரும்வரை திருப்பி, ஸ்க்ரூக்களை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இறுக்கும்போதே அளவு நகரும் என்பதால் கடைசியில் ஒரு முறை அளந்தே ஆக வேண்டும். இந்தக் காரில் இரண்டு த்ராட்டில் பாடிகள் (த்ராட்டில் வால்வு அமைந்த உறைகள்) இருந்தும் சென்சார் அவற்றில் ஒன்றின் தண்டில் மட்டுமே உள்ளது. இரண்டும் ஒருசேரத் திறக்காவிட்டால் எவ்வளவு நல்ல சென்சாரும் பாதி உண்மையைத்தான் சொல்லும். எனவே இரண்டையும் இணைக்கும் லிங்க்கேஜையும் அதே நேரத்தில் சரிபார்ப்பது அவசியம்.

அசல் பாகத்தைப் பூட்டியதிலிருந்து லேசான மிதியில் கார் இழுபடாமல் போகிறது, ஐட்லிங்கும் நிலையாக நிற்கிறது. முன்பு திணறிய அந்த வேகத்திலேயே நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்தும் பழைய தடுமாற்றம் தலைகாட்டவில்லை. தானியங்கி கியர் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் முக்கியம், ஏனென்றால் எப்போது கியர் மாற வேண்டும் என்பதும் இதே சிக்னலைச் சார்ந்தது. மலிவுப் பாகத்தை விற்றவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், ஆனால் அது காரில் பூட்டப்படாமல் பெட்டியோடு இருந்ததால்தான். மின்பாகங்களைப் பூட்டிய பிறகு பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை என்பதால், எந்தச் சென்சாரை வாங்கினாலும் முள் மீட்டரை முதலில் எடுங்கள், ஸ்க்ரூடிரைவரைப் பிறகு எடுங்கள்.