கடைமடைச் சங்கத்துக்கு வேர்ட்பிரஸ் பொருந்துமா?

பாமணியாற்றுப் பாசனத்தின் கடைமடையில் உள்ள விவசாயிகள் சங்கம் ஒன்று இணையதளம் அமைத்துத் தரும்படி என்னிடம் கேட்டபோது, அவர்களுடைய தேவை மூன்றுதான். மேட்டூர் நீர்மட்டத்தையும் முறைப்பாசன அட்டவணையையும் அன்றாடம் வெளியிட வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையம் எந்தெந்த ஊரில் திறந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். இவற்றையெல்லாம் சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண்ணே யாரையும் எதிர்பாராமல் செய்ய வேண்டும். ஒரு குறுவைப் பருவம் முழுவதும், இணையதளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இதை நடத்திப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

மூன்றாவது தேவையில் வேர்ட்பிரஸுக்கு நிகரில்லை. 2003-இல் வலைப்பதிவுக் கருவியாகப் பிறந்த மென்பொருள் என்பதால், தேதியிட்ட அறிவிப்பை எழுதி வெளியிடுவது அதற்குக் கைவந்த கலை. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து உள்ள தொகுதி எடிட்டரை (பத்தி, படம் ஒவ்வொன்றையும் தனித் தொகுதியாக அடுக்கி எழுதும் திரையை) அந்தப் பெண் ஒரே பிற்பகலில் பழகிக்கொண்டார். வாய்க்கால் கரையிலிருந்து செய்தி அனுப்பும் இளைஞர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. தாமே வெளியிட முடியாத ‘பங்களிப்பாளர்’ நிலையை அவர்களுக்குக் கொடுத்தால் படம் ஏற்றவும் முடியாது. உடைப்பெடுத்த கரையின் படம் இல்லாத செய்தியால் என்ன பயன்? வேறு வழியின்றி, படம் ஏற்றவும் தாமே வெளியிடவும் முடிகிற ‘ஆசிரியர்’ நிலைக்கு உயர்த்தினோம்.

தமிழ்த் தளம் அமைப்பவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டியது பக்க முகவரியை. தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே உருவாக்கும் முகவரிப் பகுதிக்கு 200 குறிகள்தான் வரம்பு. ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளம். தமிழிலோ ஒவ்வொரு குறியீடும் கணினிச் சேமிப்பின் சிறு அலகான பைட்டில் மூன்றாகி, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் (%) மூன்று குறிகளாக விரிவதால், ‘கு’ என்ற ஓர் எழுத்தே ககரத்துக்கு 9, உகரக் குறிக்கு 9 என 18 இடங்களை விழுங்கிவிடுகிறது. ‘குறுவை நெல் கொள்முதல் நிலையங்கள் திறப்பு’ என்ற தலைப்பின் முகவரி ‘குறுவை-நெல்-கொள்முதல்-நி’ என்று நடுச்சொல்லில் அறுந்து நின்றது. அதைப் பிரதியெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வால்தான் தெரியும். வயதான விவசாயிகள் வைரஸ் என்று நினைத்துத் தொடவே மாட்டார்கள். வெளியிடும் முன் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் திருத்துவதை அந்தப் பெண்ணுக்கு வழக்கமாக்கினேன்.

தேடலும் தமிழுக்கேற்றதாக இல்லை. உள்ளிட்ட எழுத்துத் தொடர் அப்படியே பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். ‘குறுவை’ என்று தேடினால் ‘குறுவைக்கு’ கிடைக்கும். ‘ஆறு’ என்று தேடினால் ‘ஆற்றில்’ கிடைக்காது, ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’ கிடைக்காது. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லே உருமாறும் மொழிக்கு இது பெரிய குறை. ஊர்ப்பெயர்களைத் தனிக் குறிச்சொற்களாக இட்டு ஓரளவு சமாளித்தோம்.

உண்மையான தடுமாற்றம் எண்களில்தான். நீர்மட்டத்தை நாளுக்கொரு பதிவாக எழுதினால், அது வாக்கியத்துக்குள் புதைந்துவிடும். சென்ற ஆண்டு ஜூன் 12 அன்று அணையின் முழு மட்டமான 120 அடிக்கு எவ்வளவு குறைவாக இருந்தது என்று ஒருவர் கேட்டால், பதிவுகளைப் புரட்டித்தான் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலையங்களுக்கும் ஊர், கிளை வாய்க்கால், திறந்த நாள் என்று தனித்தனிப் புலங்கள் (தகவல் நிரப்பும் கட்டங்கள்) தேவை. வேர்ட்பிரஸின் அடித்தளத்தில் அதற்கு இடமுண்டு என்றாலும், எளிதாக உள்ளிடும் திரையை நிரல் எழுதியோ ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) சேர்த்தோதான் உண்டாக்க வேண்டும். இந்த வேலைக்கு ட்ரூபல் என்ற மற்றோர் இணையதள மென்பொருள் மேலானது. புலங்கள், பட்டியல்கள், பன்மொழி ஆகிய மூன்றும் அதன் உள்ளேயே இருக்கின்றன. என் கணினியில் நிறுவிப் பார்த்தபோது நிலையங்களின் பட்டியல் ஒரு மாலையில் தயாராகிவிட்டது. ஆனால் அதன் புதுப்பிப்புகளைக் கட்டளை வரியில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) செய்ய ஆள் வேண்டும்; 2025 ஜனவரியில் ட்ரூபல் 7-இன் ஆதரவு முடிந்தபோது, அதில் இருந்த தளங்கள் ஏறக்குறையத் திரும்பக் கட்டப்பட வேண்டியிருந்தன. நான் ஊரில் இல்லாத நாளில் சங்கத்தில் யார் அதைச் செய்வது?

ஆகவே அறிவிப்புகளை வேர்ட்பிரஸிலேயே வைத்து, நீர்மட்டத்துக்கும் நிலையங்களுக்கும் சிறிய ப்ளகின் ஒன்றை நானே எழுதினேன். வெளியார் ப்ளகின்களை மூன்றுக்கு மேல் சேர்க்கவில்லை. ஆடியில் ஒரு நாள், இலவச ப்ளகின் ஒன்று புதுப்பிப்புக்குப் பிறகு தளத்தையே வெள்ளைத் தாளாக்கிய அனுபவம் அதற்குப் போதுமானது.

பிற்காலத்தில் வேறு மென்பொருளுக்கு மாறுவதானால், ஏற்றுமதிக் கோப்பில் எழுத்துகள் முழுதும் வரும். படங்களின் முகவரிகள் மட்டுமே வரும், படங்கள் வரா. அவற்றைத் தனியே நகலெடுக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும் நாளிலேயே அந்தப் பெண் இதையும் செய்துவிடுகிறார். இன்னும் நூறு நிலையங்களும் ஆங்கிலப் பக்கங்களும் வேண்டும் என்று சங்கம் கேட்டால், பராமரிப்புக்கு ஆள் வைக்கச் சொல்லிவிட்டு ட்ரூபலுக்கு மாற்றுவேன். இப்போதைய அளவுக்கு வேர்ட்பிரஸ் போதும்.