ஓபிடி-2 புளூடூத் கருவி: மைலேஜ் கணக்குக்கு எவ்வளவு நம்பலாம்?

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, கைபேசிச் செயலியோடு இணைக்கும் ஈஎல்எம்327 சிப் வகைக் கருவி இது; கார் கம்ப்யூட்டரின் தகவல்களைப் படித்துக் காட்டும். (இதே சாக்கெட்டுக்கென்று விற்கும் ‘எரிபொருள் சேமிப்பான்’கள் வேறு, அவற்றில் காசு போடாதீர்கள்.) பெட்ரோல் காருக்குத் தயங்காமல் வாங்கலாம். மைலேஜ் பார்க்க மட்டும் என்றால் டீசலுக்கு வேண்டாம். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பதால், இன்ஜின் இழுக்கும் காற்றின் எடையை 14.7ஆல் வகுத்தே பெரும்பாலான செயலிகள் எரிபொருளைக் கணிக்கின்றன. டீசலில் அப்படி நிலையான விகிதம் கிடையாது.

பெட்ரோலிலும் முதலில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டேங்கை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பம்பில், குழாய் தானாக நிற்கும் வரை மறுபடி நிரப்புங்கள். போட்ட லிட்டரைச் செயலி காட்டிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் திருத்த எண்; செயலி காட்டும் லிட்டரை இதனால் பெருக்கிக்கொள்ளுங்கள். காற்றளவு சென்சார் இல்லாத கார்களில் செயலி ஊகத்தில் கணக்கிடுவதால், இது கட்டாயம்.

ஆனால் கருவியின் அருமை வேறு இரண்டு எண்களில் இருக்கிறது. ‘லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்’ (எரிபொருள் அளவில் கம்ப்யூட்டர் தொடர்ந்து செய்யும் திருத்தம்) +10% தாண்டியே நின்றால் காற்றுக் கசிவையும் அழுக்கேறிய காற்றளவு சென்சாரையும் பாருங்கள். நீண்ட ஓட்டத்திலும் கூலன்ட் 80 டிகிரியைத் தொடவில்லையா? தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குப் போகும் கூலன்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கலாம். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும்.

ஒரே குறை, கார் நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் இழுக்கும். பல நாள் நிறுத்துவதானால் கழற்றிவிடுங்கள்.