மூட்டு மாற்றி மூன்று வருஷம்: எனக்கு வந்த தொந்தரவு விறைப்பு

இடது முழங்காலுக்கு முழு மூட்டு மாற்று ஆபரேஷன் தஞ்சாவூரில் செய்துகொண்டேன், ஊர் மன்னார்குடிப் பக்கம். சர்க்கரை உண்டு என்பதால் சீழ் பிடித்துவிடுமோ என்றுதான் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். அது வரவில்லை.

தையல் பிரித்த கையோடு கெண்டைக்கால் வீங்கி வலித்தது. டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி, மூன்று மாதம் மாத்திரை. வீக்கமும் வலியுமாகப் பயிற்சி பின்தங்க, மூட்டுக்குள் தழும்புச் சதை வளர்ந்து கால் 70 டிகிரிக்கு மேல் மடங்கவே இல்லை. 70 இருந்தால் சமதரையில் நடந்துவிடலாம், படி ஏறி இறங்க 90-ஆவது வேண்டும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ அதற்கும் மேல். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸின் முதல் படி இருக்கிற உயரத்துக்கு, மேலே இருந்து யாராவது கை கொடுத்துத் தூக்கினால்தான் உண்டு. இரண்டாம் மாதக் கடைசியில், ரத்தக்கட்டி மாத்திரையையும் பார்த்துத் தேதி வைத்து, மயக்க மருந்து கொடுத்து டாக்டர் காலை மடக்கிவிட்டார். கத்தி வைக்கவில்லை. பொதுவாக மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் இதற்கு நல்ல பலன், தழும்பு முற்றிவிட்டால் கஷ்டம், அதனால் போகப் போகச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் உட்கார்ந்திருக்காதீர்கள்.

அன்று சாயங்காலமே பிசியோதெரபி. குதிகாலைப் படுக்கையோடு இழுத்து மடக்க மடக்கக் கண்ணில் தண்ணீர் வரும். நீட்டுவதும் அதே அளவு முக்கியம், இதமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே படுத்தால் கால் முழுசாக நீளாது, நொண்டல் தங்கிவிடும். இப்போது 110 டிகிரி வருகிறது. சம்மணம் போடுவதில்லை, கோயிலில் நாற்காலிதான்.

தழும்புக்கு வெளிப்பக்கம் ஒரு கையகலம் இன்னும் மரத்தே இருக்கிறது, கீறும்போது மெல்லிய நரம்புக் கிளை அறுபடுவதால் பலருக்கும் வருவதுதான். நடந்தால் 'டக் டக்' சத்தம், ஒரு வருஷம் வரை தொட்டால் வெதுவெதுப்பு, இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலும், தழும்பில் நீர் கசிந்தாலும், மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலும் அன்றைக்கே ஓடுங்கள். வருஷங்கள் கழித்தும் உடம்பில் வேறெங்கோ உள்ள புண்ணிலிருந்து கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போகலாம். வயலில் இறங்கும் நம் ஆட்கள், அதிலும் சர்க்கரைக்காரர்கள், சேற்றுப்புண்ணைச் சும்மா விடவே கூடாது.

வலது முழங்காலும் தேய்ந்துவிட்டது. சம்பா அறுப்பு முடிந்ததும் செய்துகொள்வேன். மூட்டின் விலைக்கு 2017-இலேயே அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது, அந்தச் செலவு முன்கூட்டியே தெரிந்துவிடும்; வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட்டைப் பேசி முடித்த பிறகுதான் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கப் போகிறேன்.