டுவா லிபாவின் 'ஃப்யூச்சர் நாஸ்டால்ஜியா': கடலூர் - புதுச்சேரி பஸ்ஸில் கேட்டுப் பழகிய ஆல்பம்

பிரிட்டிஷ் பாப் பாடகி டுவா லிபாவின் 'ஃப்யூச்சர் நாஸ்டால்ஜியா' 2020 மார்ச் 27 அன்று வெளிவந்தது. விமர்சகர்கள் உடனே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக்கில் 100க்கு 88. முதல் வாரப் பாராட்டுகளை நான் பெரிதாக நம்புவதில்லை. டான்ஸ் பாப் சீக்கிரம் புளித்துப்போகிற சரக்கு. இந்த ஆல்பம் பழசாகி, இதன் ரீமிக்ஸ்களும் பழசாகிவிட்டன. நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வந்த நேரம்தான் விசித்திரம். ஏப்ரல் 3 என்று அறிவித்திருந்தார்கள். பாடல்கள் முன்கூட்டியே இணையத்தில் கசிந்ததால் ஒரு வாரம் முந்தியே விட்டார்கள். ஊரெல்லாம் நோயாக இருக்கும்போது ஆட்டப்பாட்டு விடலாமா என்று அவரே இன்ஸ்டாகிராம் நேரலையில் கலங்கினார். இங்கே அதே வாரம் ஊரடங்கு. மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் தொற்று எகிறியது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவிலுள்ள முள்ளோடை எல்லையில் போலீஸ் நின்றது. மொட்டை மாடியில் நடந்துகொண்டு கேட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. வீட்டுக்குள் அடைபட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல் என்று வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதியதைப் படித்தபோது, இவர்கள் வேறு உலகத்தில் இருக்கிறார்கள் போல என்றுதான் தோன்றியது.

பஸ் ஓடத் தொடங்கி, புதுச்சேரி வேலைக்கு மறுபடி போக ஆரம்பித்த பிறகுதான் ஆல்பம் பிடிபட்டது. 11 பாட்டு, மொத்தம் 37 நிமிஷம். கடலூர் பஸ் நிலையத்தை விட்டு வண்டி கிளம்பும்போது போட்டால், ஆல்பேட்டை பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் தாண்டி, போக்குவரத்து ஒழுங்காக இருந்தால் அரியாங்குப்பம் பக்கம் முடியும். நடுவில் எதையும் தள்ளிவிடத் தோன்றாது, கடைசி இரண்டைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆல்பம் நிற்கிற பலம் பேஸ் கிட்டார், அதாவது அடிநாதமாக ஓடும் கனத்த ஒலிக் கிட்டார். 'டோன்ட் ஸ்டார்ட் நவ்' பாட்டில் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், அது தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டிருக்கும். எழுபதுகளின் டிஸ்கோவை மீட்டெடுத்தார் என்று மேற்கில் கொண்டாடினார்கள். நமக்கு அந்த ருசி புதிதில்லை. எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் எப்படி ஓடும் என்று காதுக்குத் தெரியும். தனியார் பஸ்ஸில் ஸ்பீக்கரில் அவர், என் இயர்போனில் இவர் என்று இரண்டும் மோதுகிற நாட்களில், சொல்லப்போனால், ராஜாதான் ஜெயிப்பார்.

ஒரு எச்சரிக்கை: மலிவு இயர்போனில் இந்த ஆல்பத்தைக் கேட்டு முடிவு கட்டாதீர்கள். பஸ் நிலையத்துக்கு வெளியே அவசரத்துக்கு வாங்கிய ஒன்றில் பேஸ் மொத்தமாகக் காணாமல் போய், தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம்தான் மிஞ்சியது. போன் ஸ்பீக்கரும் அதே கதை.

எட்டாவது பாட்டு 'லவ் அகெய்ன்' எனக்கு மிகவும் பிடித்தது. அதில் வரும் ட்ரம்பெட் 1932ஆம் வருஷத்து இசைத்தட்டிலிருந்து எடுத்தது. 'பிரேக் மை ஹார்ட்' பாட்டில் ஐஎன்எக்ஸ்எஸ் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவின் மெட்டுச் சாயல் இருக்கிறது, அவர்களுக்கு உரிய பெயரையும் கொடுத்திருக்கிறார்கள். சில பாட்டுகளில் வேலை செய்த ஸ்டூவர்ட் பிரைஸ், 2005இல் மடோனாவுக்கு ஒரு முழு டான்ஸ் ஆல்பம் செய்து கொடுத்தவர். பழைய மசாலாவை அளவு தெரிந்து போட்ட கை.

கடைசி இரண்டு பாட்டுகளைப் பற்றி அன்றே சில விமர்சகர்கள் முணுமுணுத்தார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். 'பாய்ஸ் வில் பி பாய்ஸ்' சொல்கிற விஷயம் நியாயமானது. ராத்திரி தனியாக நடக்கும்போது சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொள்ளும் பெண்களைப் பற்றியது, அதைச் செய்யாத பெண் எந்த ஊரிலும் குறைவு. ஆனால் ஒன்பது பாட்டு ஆடிவிட்டு வந்தவரைப் பள்ளி ஆண்டுவிழா மேடையில் நிறுத்தின மாதிரி இருக்கிறது. தவளக்குப்பம் வந்ததும் நிறுத்திவிடுவேன்.

விருதுக் கணக்கு: 2021 கிராமியில் சிறந்த பாப் வோக்கல் ஆல்பம், அதே வருஷம் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருதிலும் சிறந்த ஆல்பம். கிராமியின் பெரிய பரிசான 'ஆண்டின் ஆல்பம்' டெய்லர் ஸ்விஃப்டின் 'ஃபோக்லோர்'க்குப் போனது. வீட்டில் முடங்கிய வருஷத்துக்கு அந்த அமைதியான ஆல்பம் பொருத்தம்தான், எனக்கு வருத்தமில்லை.

கேட்பவர்கள் வேறு கணக்கு போட்டார்கள். இந்த ஆல்பத்தின் 'லெவிடேட்டிங்' பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. ஆனாலும் இறங்காமல் உட்கார்ந்திருந்ததால் பில்போர்டின் 2021 வருஷாந்தரப் பட்டியலில் முதலிடம். நம் பக்கம் அது வந்து சேர்ந்த வழி இன்னும் வேடிக்கை. யாரோ அதை ஷாருக்கானின் 1999 'பாட்ஷா' படப் பாட்டோடு ஒட்டி இணையத்தில் விட, 2024 நவம்பரில் மும்பை மேடையில் டுவா லிபாவே அந்தக் கலவைக்கு ஆடிவிட்டார். புதுச்சேரியில் கல்லூரி படிக்கும் அக்கா மகளிடம் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். "சித்தி, இது ரீல்ஸ் பாட்டாச்சே, முழுசா வேற இருக்கா?" என்றாள். இருக்கிறது என்று அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவள் சொன்னது 'ஹலூசினேட்' நல்லா இருக்காம். விமர்சனம் ஒன்றுகூடப் படிக்காமல் சரியான பாட்டைப் பிடித்திருக்கிறாள்.

2024இல் வந்த அவருடைய அடுத்த ஆல்பம் 'ராடிகல் ஆப்டிமிசம்' என் போனில் தங்கவில்லை. விமர்சகர்களும் இந்த அளவுக்கு உருகவில்லை. 'ஃப்யூச்சர் நாஸ்டால்ஜியா'வை முதல்முறை கேட்பவர்கள் ஏழிலிருந்து ஒன்பது வரை உள்ள மூன்று பாட்டை வரிசையாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் மீதியும் பிடிக்காது, விட்டுவிடலாம்.